எத்தனை வாட்?

2021-ஆம் ஆண்டின் இறுதியில் நான் ஒரு மெல்லிய கேமிங் லேப்டாப் வாங்கினேன். இரண்டு வாரம் கழித்து என் மைத்துனரும் ஒன்று வாங்கினார். இரண்டிலும் இருந்தது ஆர்டிஎக்ஸ் 3060 என்ற ஒரே கிராபிக்ஸ் சில்லு. இரண்டிலும் 6 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம். இரண்டு பெட்டிகளின் மேலும் ஒரே பச்சை ஸ்டிக்கர். என்னுடையது 18 மி.மீ. தடிமன், ஒன்றே முக்கால் கிலோ எடை. அவருடையது இரண்டரைக் கிலோவுக்குக் குறையாத பிளாஸ்டிக் பாறை. விலையில் என்னுடையது முப்பதாயிரம் ரூபாய் அதிகம். பொங்கல் விடுமுறையில் அவர் திருச்சிக்கு வந்திருந்தபோது, இரண்டையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே விளையாட்டை ஒரே அமைப்பில் ஓடவிட்டோம். அவருடையது நொடிக்கு 80 ஃபிரேமுக்கு, அதாவது திரையில் நொடிக்கு 80 படங்களுக்கு, கீழே இறங்கவே இல்லை. என்னுடையது 62-இல் தொடங்கி, கால் மணி நேரத்தில் 55-க்கு வந்து நின்றது.

“என்ன மாமா, முப்பதாயிரம் அதிகமா குடுத்து இதையா வாங்குனீங்க?” என்று அவர் சிரித்தார். என்னிடம் அப்போது பதில் இல்லை.

ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். டிரைவரை நீக்கிப் புதிதாகப் போட்டேன், விண்டோஸையே அழித்து மறுபடி நிறுவினேன், பயாஸைப் புதுப்பித்தேன். ஒன்றும் மாறவில்லை. மூன்றாம் நாள் இரவு, இந்தச் சில்லைத் தயாரிக்கும் என்விடியா நிறுவனத்தின் கன்ட்ரோல் பேனலில், கீழ் மூலையில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று சிறிதாக இருக்கும் எழுத்தின் மேல் தற்செயலாகச் சொடுக்கியபோதுதான், கிராபிக்ஸ் சில்லுக்கான அதிகபட்ச மின்திறன் 80 வாட் என்ற வரி கண்ணில் பட்டது. மைத்துனருக்குப் போன் செய்து அவருடையதில் அதே இடத்தைப் பார்க்கச் சொன்னேன். 130 வாட் என்றார். இந்த 3060-இன் லேப்டாப் வடிவத்தை 60 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் அமைத்துக்கொள்ள லேப்டாப் தயாரிப்பாளர்களுக்கு என்விடியா இடம் கொடுத்திருக்கிறது. பிராசஸர் சும்மா இருக்கும் நேரத்தில் அதன் பங்கிலிருந்து 15 வாட் வரை கடன் வாங்கிக்கொள்ளும் வசதியும் உண்டு. ஆக, என்னுடையதும் அவருடையதும் பெயரளவில் ஒன்று. உள்ளே போகும் மின்சாரத்தில் ஒன்றுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம்.

நான் வாங்கிய இணையக் கடையின் பக்கத்தில் இந்த எண் எங்கும் இல்லை. தயாரித்த நிறுவனத்தின் தளத்தில், வண்ண விளக்குகளையும் திரையின் அழகையும் பற்றிய படங்களையெல்லாம் தாண்டிக் கீழே போனால், அடிக்குறிப்பு அளவு எழுத்தில் இருந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. தேடிப் பார்க்காதது என் தவறு. ஆனால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் அதை வைத்தது யார் தவறு என்பதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கோபம் தணிந்த பிறகு யோசித்தபோது, இதில் வேறொரு கணக்கு இருப்பது புரிந்தது. மைத்துனரின் கணினி என்னுடையதைவிட அறுபது சதவீதத்துக்கும் அதிகமான மின்சாரம் குடித்து, என்னுடையது தொடங்கிய 62-ஓடு ஒப்பிட்டால் முப்பது சதவீதம்போலத்தான் கூடுதல் வேகம் தந்திருக்கிறது. இது தற்செயல் இல்லை. ஒரு சில்லு இழுக்கும் மின்திறன் அதன் கடிகார வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும். அதோடு மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பவும் ஏறும். வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் ஒரு கட்டத்துக்கு மேல் அழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும் என்பதால், கடைசிச் சில படிகளுக்கு ஆகும் செலவு வரவுக்கு மீறியதாகிவிடுகிறது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் நல்ல மைலேஜ் கொடுக்கும் பைக், தொண்ணூறில் முறுக்கினால் பெட்ரோலைக் குடிக்கிற கதைதான். மெல்லிய கேமிங் லேப்டாப் என்ற பொருளே, மின்சாரத்துக்கும் வேகத்துக்கும் உள்ள இந்த உறவை வரைந்தால் வரும் வளைகோட்டின் சாதகமான பக்கத்தில் நின்றுகொண்டுதான் பிழைக்கிறது.

இந்த யோசனை விற்பனைப் பெயராக மாறியது 2017-இல். அந்த ஆண்டு மே மாத இறுதியில், தைப்பேயில் நடக்கும் கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில், என்விடியாவின் ஜென்சன் ஹுவாங் ‘மேக்ஸ்-க்யூ’ என்ற திட்டத்தை அறிவித்தார். பெயர் ராக்கெட் பொறியியலிலிருந்து எடுத்தது: ஏவப்பட்ட ராக்கெட்டின் மீது காற்றின் அழுத்தம் உச்சத்தைத் தொடும் நொடிக்கு அங்கே அந்தப் பெயர். லேப்டாப்பில் அதற்குப் பொருள், வேகத்தின் உச்சத்தைத் தேடாமல், ஒரு வாட்டுக்கு எவ்வளவு வேகம் கிடைக்கிறது என்பதன் உச்சத்தைத் தேடுவது. 150 வாட் வரை இழுத்துக்கொண்டிருந்த ஜிடிஎக்ஸ் 1080-ஐ 90 முதல் 110 வாட்டுக்குள் அடக்கினார்கள்; சத்தத்துக்கும் 40 டெசிபெல் என்று ஒரு வரம்பு வைத்தார்கள்.

அதற்கு முன்பும் மெல்லிய முயற்சிகள் இல்லாமல் இல்லை. ரேசர் நிறுவனம் 2011-இல் 17 அங்குலத் திரையோடு 22 மி.மீ. தடிமனில் ‘பிளேடு’ என்ற லேப்டாப்பின் முதல் வடிவத்தை அறிவித்தது. 2013-இல் 14 அங்குலப் பிளேடை 17 மி.மீ.-க்குள் கொண்டுவந்தது. ஆனால் அவற்றில் இருந்தவை நடுத்தர கிராபிக்ஸ் சில்லுகள். உச்சநிலைச் சில்லை மெல்லிய உடலில் வைத்தவற்றுள் என் மனத்தில் நிற்பது 2017-இன் அசுஸ் ஆர்ஓஜி செஃபிரஸ். மூடியைத் திறந்தால் அடிப்பலகையின் பின்பகுதி தானாகக் கீழே விரிந்து, காற்று நுழைய ஓர் இடுக்கு உண்டாகும். கீபோர்டை முன்விளிம்புக்குத் தள்ளிவிட்டார்கள், சூடான பகுதி முழுவதும் பின்னால் இருக்கட்டும் என்று. மணிக்கட்டை வைக்க இடம் இல்லாததால் தனியாக ஒரு திண்டு கொடுத்தார்கள். டச்பேடு வலது ஓரத்துக்குப் போய், தேவைப்பட்டால் எண் பலகையாகவும் மாறியது. பேட்டரியோ வெறும் 50 வாட்-அவர். மடியில் வைத்து வேலை செய்ய எந்த வகையிலும் உதவாத மடிக்கணினி அது. ஆனாலும் எனக்கு அதன் மேல் ஒரு மரியாதை உண்டு. வெப்பத்துக்கு எங்கே வழி விடுவது என்ற ஒரே கேள்வியை முன்னால் வைத்து, மற்ற எல்லா வசதிகளையும் அதற்குப் பின்னால் நிற்கவைத்த நேர்மை அதில் இருந்தது. மூன்று ஆண்டு கழித்து, 2020-இல், அதே வரிசையில் வந்த 14 அங்குல ஜி14 இந்த விந்தைகள் ஒன்றும் இல்லாமல் 1.6 கிலோவில் சாதாரண லேப்டாப் போலவே இருந்தது. ஏஎம்டியின் 35 வாட் ரைசன் பிராசஸரையும் 65 வாட் ஆர்டிஎக்ஸ் 2060-ஐயும் வைத்து வந்த அந்தக் கணினிதான், வேலைக்கு ஒன்று விளையாட்டுக்கு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்ற ஆசையை என் போன்றவர்களுக்குள் விதைத்தது. வெப்கேம் மட்டும் அதில் கிடையாது. ஊரடங்கில் எல்லோரும் வீடியோ அழைப்பில் வாழ்ந்த ஆண்டில்!

வினை 2021-இல் தொடங்கியது. அதுவரை வாட் குறைந்த வடிவங்களின் பெயரிலேயே ‘மேக்ஸ்-க்யூ’ என்று இருக்கும். வாங்குபவருக்கு அது ஓர் அடையாளம். ஆர்டிஎக்ஸ் 30 வரிசை வந்தபோது அந்தப் பின்னொட்டைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டார்கள். 3080 என்றால் அது 80 வாட்டாகவும் இருக்கலாம், 150-ஐத் தாண்டியும் இருக்கலாம். எதிர்ப்பு கிளம்பியதும், வாட் அளவைத் தயாரிப்பாளர்கள் வெளியிட வேண்டும் என்று என்விடியா சொன்னது. வெளியிட்டார்கள்தான், நான் மேலே சொன்ன அடிக்குறிப்பு அளவில். மேசைக் கணினிக்கும் லேப்டாப்புக்கும் ஒரே எண்ணைச் சூட்டும் வழக்கம் இன்னொரு குழப்பம். மேசைக் கணினியின் ஆர்டிஎக்ஸ் 4090-இல் 16,384 கணிப்புக் கருக்கள் உண்டு, 450 வாட் இழுக்கும். லேப்டாப்பின் 4090-இல் இருப்பவை 9,728 கருக்கள். அது வேறொரு சில்லு. பெயரில் ஒற்றுமை, பிறப்பிலேயே வேற்றுமை.

இனி என் லேப்டாப்பின் வயிற்றுக்குள் போகலாம். ஒரு கணினி இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. கிராபிக்ஸ் சில்லின் 80 வாட்டும் பிராசஸரின் 40 வாட்டும் சேர்ந்தால், பழைய 60 வாட் குண்டு பல்பு இரண்டை ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள் எரியவைப்பதற்குச் சமம். இந்த வெப்பத்தைச் சில்லிலிருந்து ஓரத்துக்கு எடுத்துப்போவது செப்புக் குழாய்கள். பார்க்கத் தட்டையான கம்பி போலிருந்தாலும் அவை உள்ளீடற்றவை. குறைந்த அழுத்தத்தில் சிறிதளவு நீர் உள்ளே இருக்கும். சூடான முனையில் நீர் ஆவியாகி, மறுமுனைக்கு ஓடி, அங்கே வெப்பத்தைக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து, உட்சுவரின் நுண்துளைப் படலம் வழியாகத் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஊறித் திரும்பிவரும். மெல்லிய லேப்டாப்புக்காக இந்தக் குழாயை நசுக்க நசுக்க, ஆவி ஓடும் வழி குறுகி, அது சுமக்கும் வெப்பமும் குறைகிறது. விலை உயர்ந்தவற்றில் குழாய்க்குப் பதிலாக இரண்டு செப்புத் தகடுகளை ஒட்டிய பரந்த ஆவி அறை வைக்கிறார்கள். ஓரத்தில் ஒரு விசிறி, அதன் வாயில் நெருக்கமான உலோகத் தகட்டு வரிசை. விசிறி சிறியதாகவும் மெல்லியதாகவும் இருந்தால் அதே அளவு காற்றைத் தள்ள அது வேகமாகச் சுழல வேண்டும். காற்று இரண்டு மடங்காக வேண்டுமானால், விசிறிக்கு ஆகும் சக்தி எட்டு மடங்காகும். சத்தமும் அதற்கேற்ப ஏறும். நான் மாடியில் விளையாடும்போது, “அங்க என்னடா ஓடுது?” என்று அம்மா கீழிருந்து கேட்பார்.

2023 மார்ச்சில் முதல்முறையாக அடிமூடியைக் கழற்றினேன். மொத்தம் பதினோரு திருகுகள். முன்வரிசையில் உள்ளவை மட்டும் நீளம் குறைந்தவை. அவை இருந்த இடத்தின் வரிசையிலேயே செய்தித்தாளின் மேல் அடுக்கி வைத்தேன், மாற்றிப் போட்டால் நீளத் திருகு கீபோர்டுத் தகட்டை முட்டும் என்பதால். விசிறிகளைப் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரிந்தன. விசிறியின் மேல்தகட்டை எடுத்த பிறகுதான் உண்மை தெரிந்தது. விசிறிக்கும் தகட்டு வரிசைக்கும் நடுவில், சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, கம்பளித் துண்டு போலக் கெட்டியாக, குறுக்கே படுத்திருந்தது. கொசுவத்திப் புகையின் பிசுபிசுப்பில் தூசி ஒட்டி ஒட்டி உருவான பட்டை. இடுக்கியால் பிடித்து இழுத்தபோது கிழியாமல் ஒரே துண்டாக வந்தது. சுத்தம் செய்ய ஓவியத் தூரிகை போதும். ஒரு விரலால் விசிறி இதழைப் பிடித்துக்கொண்டுதான் துடைக்கவோ ஊதவோ வேண்டும். தகடுகளுக்கு இடையே காற்று போகத் தொடங்கியதும், சில்லுக்கும் செப்புக்கும் நடுவில் காய்ந்து போயிருந்த வெப்பப் பசையையும் துடைத்துப் புதிதாக இட்டதும், 97 டிகிரியில் நின்றுகொண்டிருந்த பிராசஸர் 88-க்கு இறங்கியது.

பசைக்குப் பதிலாகத் திரவ உலோகம் இட்ட லேப்டாப் வைத்திருப்பவர்கள் மட்டும் இந்த வேலையில் இறங்க வேண்டாம். அது காலியத்தோடு இண்டியமும் வெள்ளீயமும் கலந்த கலவை. சாதாரணப் பசையைவிட வெப்பத்தை நன்றாகக் கடத்தும். மின்சாரத்தையும் நன்றாகவே கடத்தும் என்பதுதான் சிக்கல். ஒரு துளி பக்கத்தில் சிந்தினால் பலகை போய்விடும். அலுமினியத்தில் பட்டால் அதை அரித்தே விடும்.

பெரும்பாலான விமர்சகர்கள் தங்கள் அளவீடுகளை 20 முதல் 25 டிகிரி அறையில் எடுக்கிறார்கள். என் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. ஏப்ரல் மாத இரவு எட்டு மணிக்கும் அங்கே 36 டிகிரி இருக்கும். சீலிங் ஃபேன் சூட்டைத்தான் சுற்றிவிடும். வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு ஒன்றுக்கு, சுற்றியுள்ள காற்றைவிட எத்தனை டிகிரி கூடுதலாகச் சில்லு சூடாகும் என்பது ஏறக்குறைய மாறாத கணக்கு. 24 டிகிரி அறையில் 86-இல் நிற்கும் பிராசஸர், என் அறையில் 98-ஐத் தொடும். பல பிராசஸர்களுக்கு 95 முதல் 100 டிகிரிதான் எல்லை என்பதால், அங்கே போனதும் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. தடித்த லேப்டாப்பில் இந்த எல்லைக்கு முன்னால் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும். மெல்லியதில் அந்த மிச்சத்தைத்தான் தடிமனைக் குறைக்கச் செலவழித்திருக்கிறார்கள். வெளிநாட்டு வீடியோவில் அட்டகாசமாக ஓடிய கணினி நம் ஊர்ச் சித்திரையில் திணறுவதற்குக் காரணம் வேறொன்றும் இல்லை.

நான் செய்துகொண்ட பரிகாரங்களில் மிகவும் மலிவானது தண்ணீர் பாட்டில் மூடி இரண்டு. லேப்டாப்பின் பின்பக்கக் கால்களுக்கு அடியில் வைத்தால், விசிறிகள் மேசைப் பலகையை உறிஞ்சுவதை விட்டுக் காற்றை உறிஞ்சும். நாலைந்து டிகிரி குறையும். அடுத்தது, விண்டோஸின் பவர் ஆப்ஷனில் பிராசஸரின் அதிகபட்ச நிலையை 100-இலிருந்து 99 சதவீதமாக மாற்றுவது. ஒரு சதவீதத்தில் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். உண்மையில் அது டர்போவையே, அதாவது பிராசஸர் தன் அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடுவதையே, நிறுத்திவிடுகிறது. கிராபிக்ஸ்தான் தடை என்கிற விளையாட்டுகளில் ஃபிரேம் ஏறக்குறைய குறைவதே இல்லை. பிராசஸர் மட்டும் பதினைந்து டிகிரி குளிர்கிறது. கிராபிக்ஸ் சில்லின் மின்னழுத்தத்தைச் சற்றே இறக்கி வைத்ததில், அதே 80 வாட்டில் நான்கு ஃபிரேம் கூடுதலாகக் கிடைத்தது. இன்டெல் பிராசஸர்களிலும் அழுத்தத்தை இப்படி இறக்க முடிந்த காலம் ஒன்று இருந்தது. 2019 டிசம்பரில், இந்த மின்னழுத்த வசதியையே தவறாகப் பயன்படுத்தும் ‘பிளண்டர்வோல்ட்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு பல லேப்டாப்களில் அந்தக் கதவை அடைத்துவிட்டார்கள்.

பேட்டரி விஷயத்தில் யாரும் கனவு காண வேண்டாம். விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகக்கூடிய பேட்டரியின் எல்லை 100 வாட்-அவர் என்பதால், எவ்வளவு பெரிய கேமிங் லேப்டாப்பிலும் அதைத் தாண்டி வைப்பதில்லை. என்னுடையதில் 76. முழு வேகத்தில் 120 வாட் இழுத்தால் நாற்பது நிமிடம்கூடத் தாங்காது; அதனால் சார்ஜரைக் கழற்றியதுமே கணினி தன் வேகத்தை வெகுவாகக் குறைத்துக்கொள்கிறது. நானோ எப்போதும் சார்ஜரில் மாட்டியபடி, நூறு சதவீதத்தில், அந்தச் சூட்டிலேயே அதை வைத்திருந்தேன். 2024 ஜூனில் டச்பேடு அழுந்த மறுத்தது. மேசையில் வைத்துப் பார்த்தால் அடிப்பாகம் ஆடியது, பேட்டரி வீங்கியிருந்தது. சேவை மையத்தில் முதலில் ‘வெளிக்காயம்’ என்றார்கள், பிறகு உதிரிபாகம் வரவில்லை என்றார்கள்; கையில் கிடைக்க இருபத்தாறு நாள் ஆனது. இப்போது சார்ஜ் வரம்பை 80-இல் நிறுத்தியிருக்கிறேன். இந்த வசதி முதல் நாளிலிருந்தே அந்தக் கணினியில் இருந்தது என்பது எரிச்சலைக் கூட்டுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் மைத்துனருடையதை வாங்கியிருக்கலாமே என்று நான் நினைக்கவில்லை. ஞாயிறு இரவு ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸில் ஏறி, திங்கள் காலை எழும்பூரில் இறங்கி, நேராக அலுவலகம் போகிறவனுக்கு முதுகில் முக்கால் கிலோவாவது குறைவது சிறிய விஷயம் இல்லை. சார்ஜர் ஒரு செங்கல் என்பது தனிக் கதை. மைத்துனரின் கணினி வீட்டை விட்டு வெளியே வந்ததே அந்தப் பொங்கலுக்கு ஒருமுறைதான். எனக்குத் தேவைப்பட்டது மெல்லியதுதான். எண்ணைத் தெரிந்துகொண்டு வாங்கியிருந்தால் மனம் நொந்திருக்காது, அவ்வளவே.

சென்ற மாதம் அடுத்ததைப் பார்க்கலாம் என்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்குப் போனேன். இன்றைய மெல்லியவை நான் வாங்கிய காலத்தவற்றைவிட நிச்சயமாக மேம்பட்டவை. 2025-இன் ரேசர் பிளேடு 16 மிக மெல்லிய இடத்தில் 15 மி.மீ.கூட இல்லை, அதற்குள் ஆர்டிஎக்ஸ் 5090-ஐ வைத்திருக்கிறார்கள். என் பட்ஜெட்டுக்கு எட்டுவது 5070. அதன் லேப்டாப் வடிவம் 50 முதல் 100 வாட் வரை எதுவாகவும் இருக்கலாம்; பிராசஸரிடம் கடன் வாங்கும் 15 வாட் அதற்கு மேல். மேசைக் கணினியின் 5070-இல் 12 ஜிபி நினைவகம் இருக்க, இதில் 8 ஜிபிதான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மெல்லிய ஒன்றைக் காட்டி, “இது எத்தனை வாட்?” என்று கேட்டேன். விற்பனையாளர் அட்டையைப் புரட்டிவிட்டு, “சார்ஜர் இருநூறு வாட்ஸ் சார்” என்றார். சார்ஜர் இல்லை, கிராபிக்ஸ் என்றேன். அவருக்குப் புரியவில்லை. அனுமதி கேட்டு, அந்த டெமோ கணினியில் கன்ட்ரோல் பேனலைத் திறந்து, கீழ் மூலையில் சொடுக்கி, வரியைக் காட்டினேன். 85 என்று இருந்தது. பக்கத்தில், விலை குறைவான தடித்த மாடல் ஒன்றிலும் அதே 5070. அவரே திறந்து பார்த்தார். 115. இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த பையனை அழைத்தார்.

“டேய், டெமோல இருக்கற எல்லா பீஸ்லயும் இந்தப் பக்கத்தத் தொறந்து ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.”